நல்ல ரத்தம் வரும்வரை

மழை மாதத்தில் ஸ்பிரிங்வெளி தேயிலை மலையில் கொழுந்தெடுப்பவர்களை அட்டை கடிப்பது ஒரு செய்தியே இல்லை. என் மனைவி தவமணிக்கு இடது கணுக்காலுக்கு மேலே கடித்த இடம் மட்டும் ஆறவில்லை. ஒரு வாரத்தில் அங்கே கொப்புளம் வந்து உடைந்து புண்ணாயிற்று.

அவள் இடுப்பிலும் தொடையிலும் ஆறேழு வருடமாகச் செதில் படிந்த சிவந்த திட்டுகள் இருந்தன. படை என்று நினைத்து, பசறை பஜாரில் களிம்பு வாங்கிக் கொடுத்துவந்தேன். அதற்கும் இந்தப் புண்ணுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யார் நினைப்பது?

நான் தேயிலை ஃபெக்டரியில் தூள் சலிக்கும் பகுதியில் வேலை செய்கிறவன். தூளில் ஒரு நார் கிடந்தாலும் எனக்குப் பொறுக்காது. அந்தப் புத்தியோடுதான் புண்ணையும் பார்த்தேன். அழுக்குப் போய் நல்ல ரத்தம் வந்தால்தான் புண் ஆறும் என்பது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் சொல்வது. வேலை முடிந்து வந்ததும் உப்புப் போட்ட சுடுநீரில் துணியை நனைத்து, ரத்தம் சிவப்பாக வரும்வரை தேய்ப்பேன். அவள் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொள்வாள். இன்றைக்கு வேண்டாம் என்று ஒருநாள் கெஞ்சினாள். நான் அதட்டினேன். அக்கறையால்தான் அதட்டுகிறேன் என்று அன்று நம்பினேன்.

மூன்று வாரத்தில் புண் உள்ளங்கை அளவாயிற்று. ஓரமெல்லாம் ஊதா நிறத்தில் கன்றிப்போனது. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வார்டில் சேர்த்தேன். யார் இதைக் கிளறியது என்று தாதி கேட்டபோது, தானே சொறிந்துவிட்டதாகத் தவமணி முந்திக்கொண்டு சொன்னாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

செத்த சதையை மறுநாள் வெட்டி எடுப்பதாக முடிவாயிற்று. அதற்கு முன் தோல் டாக்டரம்மா வந்து பார்த்தார். வீட்டில் சுத்தம் செய்தபோது புண் சுருங்கியதா, பெரிதானதா என்று கேட்டார். சுத்தம் எதுவும் செய்யவில்லை என்றாள் இவள், எனக்காக. அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"அவ பொய் சொல்றா டாக்டர். நான்தான் தெனமும் ரத்தம் வர்ற வரைக்கும் தேச்சேன். தேய்க்கத் தேய்க்கப் பெருசாச்சு."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். வெட்டுவதை நிறுத்தச் சொல்லிவிட்டு, புண்ணின் ஓரத்திலும் தொடைத் திட்டிலும் துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்.

முடிவு வந்ததும் டாக்டரம்மா விளக்கினார். புண்ணின் பெயர் பயோடெர்மா கேங்கிரினோசம் (நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்கள், கிருமி இல்லாமலே திரண்டு வந்து தோலை அரிக்கும் நோய், காயம் பட்டால் இன்னும் பரவும்). திட்டுகள் தோல் லிம்போமா (தோலில் தங்கி மெல்ல வளரும் வேறொரு வகை வெள்ளணுவின் புற்றுநோய்). இரண்டும் ஒருவருக்கே வருவது அபூர்வம் என்றார். புற்றணுக்கள் வெளிவிடும் பொருள்கள் நியூட்ரோபில்களை அழைத்திருக்கலாம், ஆனால் அடித்துச் சொல்ல முடியாது என்றார். எனக்குத் தெரிந்ததை நான் அடித்துச் சொல்வேன். அட்டை ஒருமுறைதான் கடித்தது. நான் இருபது நாள் கடித்தேன்.

ஸ்டீரொய்ட் மாத்திரையில் (உடம்பின் அழற்சியை அடக்கும் மருந்து) ஐந்து மாதத்தில் புண் மூடியது. திட்டுகளுக்கு ஒளிச் சிகிச்சை (புற ஊதாக் கதிரைத் தோலில் படவைப்பது) நடக்கிறது. லிம்போமா முழுதாகப் போகாது, கட்டுக்குள் வைத்திருக்கலாம் என்கிறார்கள்.

உங்கள் வீட்டிலும் சுத்தம் செய்யச் செய்யப் பெரிதாகும் புண் இருந்தால், அதிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். செய்ததை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

புண் இருந்த இடத்தில் தோல் இப்போது வெங்காயச் சருகு போல மெலிந்திருக்கிறது. மாலையில் அதற்குக் களிம்பு தடவ வேண்டும். அவளே தடவிக்கொள்கிறாள். நான் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். முன்பு அவசர அவசரமாகத் தேய்த்து முடித்த அந்த நேரம் இப்போது நகர்வதே இல்லை. முதல் நாள் நான்தான் தடவப் போனேன். விரல் படுமுன்பே அவள் கால் சேலைக்குள் போய்விட்டது.

"நான் இழுக்கலங்க," என்றாள் பதறிப்போய். "காலு தானா போகுது."