வாசனைப் பேராசிரியரின் மூக்கு

பூச்சியியல் துறையில் அவரை ‘மோப்பக்காரர்’ என்றுதான் சொல்வார்கள். பெண் அந்துப்பூச்சி விடும் மணத்தை ஆண் பூச்சி எப்படி உணர்கிறது என்பதே அவருடைய ஆராய்ச்சி. முட்டைக்கோசைத் துளைக்கும் ஒரு சாம்பல்நிறப் பூச்சிக்கு மட்டும் பதினெட்டு வருஷம் கொடுத்திருந்தார். ஆண் பூச்சியின் உணர்கொம்பை நறுக்கி, இரண்டு மெல்லிய கண்ணாடிக் குழாய்களுக்கு நடுவே பொருத்தி, மணத்தை ஊதினால் திரையில் ஒரு கோடு துள்ளும். அதைப் பார்த்து அவரும் நாற்காலியில் ஓர் அங்குலம் துள்ளுவார்.

இப்பேர்ப்பட்டவருக்கு மூக்கு வேலை செய்யாது. கல்லூரி நாளில் வந்த காய்ச்சல் போகும்போது மோப்பத்தையும் கையோடு கொண்டுபோய்விட்டது. மூக்கே இல்லாத பூச்சி எங்கோ இருக்கும் மணத்தைப் பிடிக்கிறதே என்ற பொறாமையில்தான் இந்தப் படிப்புக்கே வந்தார். வேலைக்கான நேர்காணலில் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அப்புறம் சொல்லச் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை என்பது அவர் கட்சி. விஷயம் தெரிந்த ஒரே ஆள், அஞ்சலகத்தில் வேலை பார்த்த அவர் மனைவி. அடுப்பில் பால் தீய்ந்துகொண்டிருக்க, பக்கத்திலேயே உட்கார்ந்து மணம் பற்றிய கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தவரோடு குடித்தனம் நடத்தியவர்.

ஒரு வருஷம் அந்தப் பூச்சியின் புழுக்களுக்குப் புதுத் தீனி மாற்றினார். அந்த மாதத்திலிருந்தே ஆண் பூச்சிகள் மந்தமாகிவிட்டன. திரையில் கோடு படுத்தே கிடந்தது. மணம் வரும் திசைக்குப் பறக்க வேண்டியவை கூண்டுச் சுவரில் ஒட்டிக்கொண்டன. ஆறு மாதம் அளந்து பார்த்து, தீனி மாறினால் மோப்பம் மங்கும் என்று கட்டுரை எழுதினார். பெரிய ஆய்விதழ் ஒன்று ஏற்றுக்கொண்டது. அடுத்த மாதம் பதவி உயர்வுக்கான நேர்காணல். துறைத்தலைவர் முன்கூட்டியே கைகுலுக்கிவிட்டார்.

அந்த வாரம் ஒருநாள் வீட்டுச் சாவி இரண்டையும் தன் பையிலேயே போட்டுக்கொண்டு வந்துவிட்டார். பிற்பகலில் சாவி வாங்க வந்த மனைவி ஆய்வக வாசலிலேயே நின்றுவிட்டார்.

“ஏங்க, பூச்சி வளர்க்கிற இடத்துல எதுக்கு அந்துருண்டை?”

“எந்த அந்துருண்டை?” என்றார் அவர்.

ஆராய்ச்சி மாணவி தலையைக் குனிந்துகொண்டாள். முதல் நாளே அவள் மூக்கில் ஏறிய வாசனைதான் அது. வாசனையில் கரைகண்ட சாருக்குத் தெரியாமலா இருக்கும், ஏதோ சோதனைக்காக வைத்திருக்கிறார், கேட்டால் இதுகூடத் தெரியாதா என்பார் என்று வாயை மூடிக்கொண்டிருந்தாளாம். ஆய்வக உதவியாளர் அலமாரியைத் திறந்து காட்டினார். மணத்தில் தோய்த்து ஊதும் காகிதத் துண்டுகளின் பெட்டிக்குப் பின்னால், துணி முடிச்சுக்குள் பதினொரு உருண்டைகள். கரப்பான் காகிதத்தைக் கடிக்கிறது என்று சார் வருத்தப்பட்டாரே என, தீனி மாறிய அதே மாதம் அவராகவே வாங்கி வைத்தது. நல்லது செய்த முகத்தோடு நின்றவரை யார் திட்டுவது?

உருண்டைகளைத் தூக்கிப் போட்டு, அந்த வாடை ஏறிய காகிதத்துக்குப் பதில் புதுக் காகிதம் வாங்கி, மூன்று வாரம் மறுபடி சோதித்தார். புதுத் தீனி தின்ற பூச்சிகள் போட்டிபோட்டுக்கொண்டு பறந்தன. பூச்சி பறப்பதைப் பார்த்தும் அவர் நாற்காலியில் துள்ளாதது வாழ்நாளில் அதுவே முதல்முறை.

துறைத்தலைவர் கதவைச் சாத்திக்கொண்டு, முதலில் நேர்காணல் முடியட்டும், திருத்தம் பிறகு போட்டுக்கொள்ளலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்றார். யோசனை இவருக்கும் இனிக்கத்தான் செய்தது. இரண்டு நாள் வீட்டில் அந்த யோசனையையே சுற்றிச் சுற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் காலையில் மனைவி சொன்னார்: “அந்தப் பொண்ணுக்குத் தெரியும்ல? நீங்க சும்மா இருந்தா, அது இனிமே யார்கிட்டயும் எதையும் கேக்காது.”

அன்றே கட்டுரையைத் திரும்பப் பெற்றார். காரணம் சொல்ல வேண்டுமே. துறைக் கூட்டத்தில் எழுந்து, “எனக்கு வாசனை தெரியாது. இருபத்தஞ்சு வருஷமா” என்றார். வண்டுகளை ஆராயும் சக பேராசிரியர், கேன்டீன் டீயை இவர் மட்டும் புகழ்ந்துகொண்டிருந்த மர்மம் இன்றுதான் விளங்கியது என்றார். கூட்டம் சிரித்து முடிக்க நேரமாயிற்று. இவரும் சிரித்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

பதவி உயர்வு வண்டுக்காரருக்குப் போனது. வருத்தமே இல்லை என்று ஒரே வாரத்தில் மனைவியிடம் ஒன்பது முறை சொன்னார். நான்கு வருஷம் கழித்துத்தான் அவர் முறை வந்தது. அதற்குள் மாணவி, எந்தெந்த வாசனை ஆண் பூச்சியைத் திசைதிருப்பும் என்பதையே தன் ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டாள். அவள் கண்டுபிடித்த கலவையைத் தொங்கவிட்ட தோட்டங்களில் ஆண் பூச்சிகள் பெண்ணைக் காணாமல் அலைந்தன. முட்டைக்கோசும் பாதிக்கு மேல் தப்பியது.

ஆய்வக வாசலில் இப்போது ஒரு நோட்டு தொங்குகிறது. உள்ளே வருகிற எவரும் தங்களுக்கு என்ன வாசனை வருகிறது என்று எழுதிவிட்டுத்தான் நுழைய வேண்டும். சோப்பு, ஈரச் சுவர், பக்கத்து அறை சிகரெட் என்று எழுதியிருப்பதை அவர் தினமும் செய்தித்தாள் போல ரசித்துப் படிப்பார். ஒருநாள், புதிதாகச் சேர்ந்த ஒருவர் ‘சாருடைய சாக்ஸ்’ என்று எழுதியிருந்தார். மறுநாள் சலவை சாக்ஸோடு வந்த பேராசிரியர், அந்த வரிக்குக் கீழே ‘நன்றி’ என்று எழுதி, தேதியோடு கையெழுத்திட்டார்.