வாசற்படியில் நாற்பது நிமிடம்

அந்தப் பெண் எங்கள் ஊருக்கு வந்தபோது அவளுக்கு இருபது வயது. ஐடஹோவில் மாட்டுப் பண்ணைக் குடும்பம். சட்டையில் குத்தியிருந்த கறுப்புப் பட்டையில் எர்மானா ஹாஸ்கெல் என்று இருந்தது. அமெரிக்காவில் ஸ்பானிஷ் பேசுகிற எங்கள் சபையில் பெண்கள் எல்லோருமே எர்மானாதான், சகோதரி என்று பொருள். ஊழியத்துக்கு வரும் பெண்களை அந்தப் பதினெட்டு மாதமும் முதற்பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. அவளுடையது என்னவென்று நான் கேட்டதும் இல்லை.

முதியோர் இல்லத்தில் இருபத்தேழு வருடம் பராமரிப்பு வேலை பார்த்தவள் நான். முதல் மாதமே அவளுடைய இரண்டு குதிகாலிலும் கொப்புளம் உடைந்து காலுறையோடு ஒட்டிக்கொண்டது. என் சமையலறையில் உட்காரவைத்து, வெந்நீர் விட்டு உரித்தெடுத்தேன். சத்தம் போடவில்லை. தாக்குப்பிடிப்பாள் என்று நினைத்தேன்.

காலை ஆறரைக்கு எழுந்தால் பகல் முழுக்க நடைதான். பிப்ரவரியில் ஆப்பிள் தோட்டங்களில் கிளை வெட்டுகிற வேலை நடக்கும். டிரெய்லர் வீடுகளில் நாய்கள் மட்டும் இருக்கும். ஆட்கள் இருந்தால் கதவைச் சாத்துவார்கள். திறக்கிற வீட்டில் தட்டு வைப்பார்கள், வேண்டாம் என்று சொல்லக் கூடாது. ஒருநாள் மூன்று வீடுகளில் மாட்டுக்குடல் சூப் சாப்பிட்டுவிட்டு என் கொட்டகைக்குப் பின்னால் வாந்தி எடுத்தாள். வாயைக் கொப்பளித்துக்கொண்டு நான்காவது வீட்டுக்குக் கிளம்பினாள்.

விதிகள் நிறைய. கூட ஊழியம் செய்யும் எர்மானா துவாலாவை விட்டுப் பிரியக் கூடாது. ஆண் தனியாக இருக்கும் வீட்டுக்குள் இரண்டு பேருமாகக்கூடப் போகக் கூடாது, சபைப் பெண் ஒருத்தி உடன் வர வேண்டும். டான் எலாதியோ வீட்டுக்கு அப்படிப் போகிறவள் நான். அவர்கள் வேதம் படிப்பார்கள், நான் மூலையில் உட்கார்ந்து பொத்தான் தைப்பேன்.

டான் எலாதியோவுக்கு அறுபத்திரண்டு வயது. டான் என்பது பெரியவர்களுக்குப் போடும் மரியாதைச் சொல், பெண்களுக்கு டோன்யா. மனைவி இல்லை. ஆப்பிளைப் பெட்டியில் அடுக்குகிற கூடத்தில் வேலை. ஒரே மகன் ரோஹெலியோவைக் குடிநுழைவு அதிகாரிகள் பிடித்துப்போய் ஏழு மாதமாக அடைத்து வைத்திருந்தார்கள். மகன் வரும்போது தெளிவாக நிற்க வேண்டும் என்று கிழவர் குடியை விட்டிருந்தார். ஞானஸ்நானத்துக்கு இரண்டாவது சனிக்கிழமையைக் குறித்திருந்தோம்.

"காப்பியும் கூடாது, பீரும் கூடாதுங்கறீங்க. அப்ப சொர்க்கத்துல என்னதான் குடிப்பாங்க, பொண்ணே?"

"சாக்லேட் பால், டான் எலாதியோ."

"அதுக்கு நான் நரகத்துக்கே போறேன். அங்க நம்ம ஊர்க்காரங்களாவது இருப்பாங்க."

அவருடைய ஜோக்குக்கு ஹாஸ்கெல் சிரித்தால் அவருக்கு அன்றைய நாள் போதும்.

மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்கு உபவாசம், இரண்டு வேளை. அந்த மாதம் அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை ரோஹெலியோவின் விசாரணை. சபை முழுக்க அவனுக்காக இருப்பது என்று முடிவானது.

"நானும் இருக்கேன்" என்றார் டான் எலாதியோ.

"இன்சுலின் போடறவங்களுக்கு உபவாசம் கிடையாது. ஒழுங்கா சாப்பிடுங்க" என்றேன்.

"எம் புள்ள அங்க என்னத்தைத் தின்னுறானோ. நான் மட்டும் இங்க தின்னணுமா?"

"உங்களுக்கும் சேர்த்து நான் இருக்கேன்" என்றாள் ஹாஸ்கெல். "நீங்க ஜெபம் மட்டும் பண்ணுங்க. சத்தியம் பண்ணுங்க."

கையைத் தூக்கிச் சத்தியம் செய்தார். நோயாளிகள் செய்கிற சத்தியத்தை நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன். அப்படியும் நம்பினேன்.

ஞாயிறு ஆராதனைக்கு அவர் வரவில்லை. முடிந்ததும் பெண்கள் இருவரும் அவர் வீட்டுக்கு நடந்தார்கள். கதவைத் தட்டினால் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டதற்கு நாக்குக் குழற ஏதோ கெட்ட வார்த்தை சொன்னார். அவளிடம் அவர் அப்படிப் பேசியதே இல்லை. பழையபடி குடித்துவிட்டார் என்று இருவரும் நினைத்தார்கள். விதிப்படி உள்ளே போகக் கூடாது. பனி உறைந்த படியில் உட்கார்ந்து, போதை இறங்கட்டும் என்று ஜெபம் செய்தார்கள். நாற்பது நிமிடம்.

அதன் பிறகுதான் ஹாஸ்கெலிடமிருந்து எனக்கு ஃபோன் வந்தது.

"எர்மானா எவெலியா, அவர் குடிச்சுட்டார். சனிக்கிழமையைத் தள்ளிப் போடணும்."

"வாடை வந்துச்சா?"

"நாங்க வெளிய இருக்கோம்."

"வேர்த்திருக்கா, பாரு."

ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தாள். "சட்டையெல்லாம் ஈரமா இருக்கு."

"உள்ள போ."

"தனியா ஆம்பளை..."

"உள்ள போடி! அது குடி இல்ல, ரத்தத்துல சர்க்கரை இறங்கிடுச்சு. சர்க்கரையை எடுத்து உள்கன்னத்துல தடவு. தண்ணி ஊத்தாதே. துவாலாவை ஆம்புலன்ஸ் கூப்பிடச் சொல்லு."

நான் போய்ச் சேர ஒன்பது நிமிடம் ஆனது. கதவு பூட்டியே இருக்கவில்லையாம். அவரைத் தரையில் ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வலிப்பு வந்திருந்தது. அவளுடைய விரலில் அவர் பல் பதிந்து ரத்தம் வழிந்தது, அவள் கவனிக்கவில்லை. அடுப்பு சில்லென்று இருந்தது. மேஜையில் காலி ஊசி. சாப்பிடாமல் இருந்தவர், மருந்தை மட்டும் நான் சொல்லிக்கொடுத்தபடி தவறாமல் போட்டிருக்கிறார். உபவாசம் கூடாது என்றேனே தவிர, மீறி இருந்தால் ஊசியை என்ன செய்வது என்று நான் சொல்லவில்லை.

உயிர் இருந்தது. பேச்சு இல்லை, விழுங்க முடியவில்லை, கண் எதையும் தொடர்ந்து பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள்.

"அந்த நாற்பது நிமிஷம்" என்று தாழ்வாரத்தில் கேட்டாள் ஹாஸ்கெல். "முன்னாடியே உள்ள போயிருந்தா?"

"டாக்டர் என்ன சொன்னார்?"

"சொல்ல முடியாதுன்னார். நீங்க சொல்லுங்க."

"உதவியிருக்கும்" என்றேன். "எவ்வளவுன்னு தெரியாது."

பொய் சொல்லியிருக்கலாம் என்று என் மகள் பிறகு சொன்னாள். கேட்டவள் குழந்தை இல்லை.

செவ்வாய்க்கிழமை ரோஹெலியோவை விட்டுவிட்டார்கள். புதன்கிழமை மதியம், பிடிபட்ட அன்று போட்டிருந்த மெல்லிய சட்டையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தான். அப்பாவின் முகத்துக்கு நேராகக் குனிந்து மூன்று முறை கூப்பிட்டான். கண் அவனைத் தாண்டி எங்கோ பார்த்தது.

குடும்பத்தாரிடம் எதுவும் பேச வேண்டாம் என்று ஊழியத் தலைவர் அவளுக்கு ஃபோனில் சொல்லியிருந்தார். என் எதிரில்தான் சரி என்றாள். பிறகு நேராக ரோஹெலியோவிடம் போனாள்.

"நான் வாசல்ல உட்கார்ந்திருந்தேன். நாற்பது நிமிஷம். குடிச்சிருக்கார்னு நினைச்சேன்."

"குடிச்சிருக்காரா? வாரா வாரம் ஃபோன்ல அதைத்தானே சொல்வார். தொடல மகனே, தொடல மகனேன்னு."

"என்கிட்டயும் சொன்னார்."

"சொல்லியுமா?"

அவன் கட்டிலில் கிடந்த அப்பாவைத் திரும்பிப் பார்த்தான்.

"எதுக்கு சாப்பிடாம இருந்தார்?"

"உங்களுக்காக."

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே, "வெளிய போங்க" என்றான். "நீங்களும்தான், டோன்யா எவெலியா."

போனோம்.

மறுவாரம் அவளை வேறு ஊருக்கு மாற்றினார்கள். ஊழியத்தில் இன்னும் நான்கு மாதம் பாக்கி இருந்தது. வீட்டுக்குப் போய்விடலாம் என்று அவள் அம்மா அழுதாராம், அவள் போகவில்லை. இரண்டு முறை தட்டி யாரும் வரவில்லை என்றால் கைப்பிடியைத் திருகிப் பார்க்கிறாளாம். நாய் கடித்தது, ஒரு வீட்டில் போலீஸைக் கூப்பிட்டார்கள், தலைவரிடம் இரண்டு முறை திட்டு வாங்கினாள். எல்லாம் துவாலா எழுதித்தான் எனக்குத் தெரியும்.

டான் எலாதியோ மே மாதம் நிமோனியாவில் போனார். ரோஹெலியோ கத்தோலிக்கக் கோவிலில் அடக்கத் திருப்பலி வைத்தான். எங்கள் சபையில் யாரையும் அழைக்கவில்லை. நான் போய்க் கடைசி வரிசையில் நின்றுவிட்டு வந்தேன்.

ஞானஸ்நான வெள்ளை உடைகளைத் துவைத்து வைப்பது என் பொறுப்பு. அலமாரியில் டான் எலாதியோவுக்கென்று எடுத்து வைத்திருந்த உடையில் ஹாஸ்கெல் கையெழுத்தில் பெயர் எழுதிய காகிதம் குத்தியிருந்தது. அதை எடுத்துவிட்டு உடையை மறுபடி அடுக்கினேன். அந்த அளவு பலருக்குத் தேவைப்படும்.