பெர்னூலி வீட்டுப் பரிசு

என் கணவர் நூர் அகமதுவிடம் ஒரே ஒரு கதைதான் உண்டு. அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோவில் இருக்கும் எங்கள் அபார்ட்மென்டுக்கு வந்த யாரும் அதிலிருந்து தப்பியதில்லை. சுவிட்சர்லாந்தில் பெர்னூலி என்று ஒரு குடும்பம். அண்ணன், தம்பி, மகன் எல்லோரும் கணக்கில் புலிகள். ஒருவர் மேல் ஒருவருக்குப் பொறாமை வேறு. பாரிஸ் அகாடமி ஒருமுறை அப்பா யோஹானுக்கும் மகன் டேனியலுக்கும் பரிசைப் பகிர்ந்து கொடுத்துவிட்டது. இவன் எனக்குச் சமமா என்று கொதித்துப்போன அப்பா, மகனை வீட்டுக்குள்ளேயே விடவில்லையாம். இந்த இடம் வந்தால் இவர் தலையில் அடித்துக்கொள்வார். "அவனெல்லாம் ஒரு வாப்பாவா?"

இவருக்கு மருந்து கம்பெனியில் புள்ளியியல் வேலை. எந்த மாத்திரை எத்தனை பேருக்குக் கேட்கும் என்று கணக்குப் போடுவார். எங்கள் மகன் சுஃபியானும் அதே படிப்புதான். வேறு கம்பெனியில் சேர்ந்து, ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் தனியாக இருக்கிறான். இந்த வருடம் புள்ளியியல் சங்கம் நடத்திய, அவரவர் ஆய்வைப் போஸ்டராக ஒட்டி விளக்கும் போட்டியில் இரண்டு பேரும் கலந்துகொண்டார்கள். வருடா வருடம் வெறுங்கையோடு திரும்பிய மனிதருக்கு இந்தத் தடவை முதல் பரிசு. கூடவே இன்னொரு பெயரையும் வாசித்தார்கள். பரிசு அப்பாவுக்கும் மகனுக்கும் சமமாம்.

நான் கை சிவக்கத் தட்டினேன். இவர் முகம் தொங்கிப்போனது. "நான் சொல்லிக் கொடுத்த கணக்க வச்சே என்னோடத பாதி ஆக்கிட்டான்" என்று காரில் முனகினார். பின் சீட்டில் இருந்த சுஃபியானுக்கு அது கேட்டுவிட்டது. அதன் பிறகு அவன் வீட்டுப் பக்கமே வரவில்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்காவது வா என்றேன். வாப்பா கூப்பிட்டால் வருகிறேன் என்றான். இவரிடம் சொன்னால் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. எனக்குப் பெற்ற வயிறு எரிந்தது. ஊரெல்லாம் ஏசித் திரிந்த அந்த யோஹானை என் வீட்டிலேயே குடிவைத்துவிட்டாரே மனிதர்!

கடைசியில் எனக்காக வா என்று கெஞ்சி மகனை வரவழைத்தேன். பெருநாளன்று எங்கள் ஊர் காயல்பட்டினத்துப் பழக்கப்படி கீழே விரிப்பை விரித்து சஹன் வைத்தேன். ஒரு பெரிய தட்டில் இரண்டு பேர் சேர்ந்து சாப்பிடுவதுதான் சஹன். கூட இருப்பவர் உட்காராமல் சோற்றில் கைவைக்க மாட்டோம். பக்கத்து வீட்டுத் திருமூர்த்திக்கும் அவர் மனைவி சாந்திக்கும் ஒரு சஹன், வாப்பாவுக்கும் மகனுக்கும் ஒன்று. மற்ற தட்டுகளை எல்லாம் எடுத்து ஒளித்துவிட்டேன். எங்கே போவார்கள், பார்ப்போம்.

இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். நெய்ச்சோறு ஆறிக்கொண்டிருந்தது. யார் கையும் நீளவில்லை. நடந்தது எதுவும் தெரியாத திருமூர்த்தி, அந்த ஸ்விஸ் கதை சாந்திக்குப் பாதி மறந்துபோச்சு, இன்னொரு தரம் சொல்லுங்க நூர் பாய் என்று கேட்டுவைத்தார்.

இவர் சஹனைப் பார்த்தபடியே ஆரம்பித்தார். அண்ணன் தம்பி சண்டை வந்தது, பாரிஸ் வந்தது. பரிசு இரண்டு பேருக்கும் சமம் என்று அறிவித்ததும் வந்தது. அங்கே நின்றுவிட்டார்.

"அப்புறம்?" என்றாள் சாந்தி.

இவர் தன் பக்கம் கிடந்த நல்ல கறித்துண்டை எடுத்து மகன் பக்கத்துச் சோற்றின் மேல் வைத்தார்.

"அப்புறம் ரெண்டு பேரும் ஒரே சஹன்ல சாப்பிட்டாங்க."

சுஃபியான் நிமிர்ந்து பார்த்தான். "தட்ஸ் நாட் வாட் ஹேப்பன்ட், வாப்பா."

"தெரியும்டா. சாப்பிடு."