இருமும் மின்சிட்டு

பறவைகளைப் படம் பிடிக்கப் பொறுமை இருந்தால் போதும் என்பவர்கள், ஸ்கோப் என்னும் ஒற்றைக்கண் தொலைநோக்கியில் போனை மாட்டிப் பார்த்திராதவர்கள். என்னுடையது தெர்மாஸ் குடுவை அளவுதான். போன் கேமரா ஒரு நூல் விலகினாலும் திரை முழுக்கக் கறுப்பு. நீங்களும் பட்டிருப்பீர்கள். சரியாகப் பொருந்திவிட்டாலோ, பள்ளத்துக்கு அந்தப் பக்கத்துக் குருவி மடியில் வந்து உட்கார்ந்துவிடும். கொல்லிமலையில் அரசு சுகாதார நிலையத்தில் நான் மருந்தாளுநர். காலையில் மாத்திரை எண்ணப் போவதற்கு முன் அந்த வட்டத்துக்குள் நுழைந்துவிட்டால், நான் மலைக்குக் கீழே ராசிபுரத்துக்காரி என்பதே மறந்துபோகும்.

ரோடு அளக்க வந்தவள்

மலையில் எடப்புளி நாடு என்னும் பகுதியில் காளியண்ணனின் மிளகுத் தோட்டத்து மேட்டில் முதல் நாள் ஸ்டாண்டை விரித்தேன். மூன்று கால் ஸ்டாண்டைக் கண்டால் மலையில் எல்லோருக்கும் ஒரே சந்தேகம்தான். மிளகு பறித்துக்கொண்டிருந்த காளியண்ணன், அறுபது வயதுக்காரர், ஏணியிலிருந்து இறங்கி வந்தார். நான் பார்த்த பக்கமெல்லாம் தானும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க அம்மிணி, ரோடு எம்பட பலா மரத்துக்கு இந்தப் பக்கம் போகுதுங்களா, அந்தப் பக்கம் போகுதுங்களா?"

விவசாயக் கவலை

குருவியைக் காட்டியதும் சந்தேகம் தீர்ந்தது, பேச்சு தீரவில்லை. தினமும் பக்கத்தில் வந்து நிற்பார். ஸ்கோப் உருவத்தைத்தான் அருகில் கொண்டுவரும். போனுக்குக் கேட்பதெல்லாம் நம் பக்கத்துச் சத்தம்.

ஒருநாள் மூடுபனி விலகி, சில்வர் ஓக் மரத்து உச்சியில் ஒரு மின்சிட்டு செக்கச்செவேலென்று தெரிந்தது. நான் மூச்சை அடக்கி எடுத்த வீடியோப் படத்தைத் தோழிகள் குழுவில் அப்படியே போட்டேன். குருவி அலகைத் திறக்கிறது, காளியண்ணன் குரல் வருகிறது: "இந்த மழைக்குக் குச்சிக்கிழங்கு அழுகிப் போயிருமுங்க." ஒரு தோழி பதில் போட்டாள்: "உங்க ஊர்க் குருவிக்கு விவசாயக் கவலை ஜாஸ்தி போல."

ஊமைப் படம்

காளியண்ணன் கேட்டுக்கொண்டதால், திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் அவர் மகள் மல்லிகாவுக்கும் படங்களை அனுப்பிவந்தேன். நாளாக ஆக, பேச்சோடு அவர் இருமலும் படத்தில் ஏறியது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஒருநாள் சத்தத்தை அடியோடு எடுத்துவிட்டு அனுப்பினேன். பனியும் குருவியும் மட்டும் கனவில் வருவதுபோல் நகர்ந்தன. நானே சொக்கிப்போனேன்.

அன்று மதியமே மல்லிகா போன் செய்தாள். "அக்கா, நான் குருவியப் பாக்கறதே இல்லீங்க. போன்ல பேசறப்ப அப்பா இருமல அடக்கிக்கிறாரு. படத்துலதான் எண்ணிட்டு இருந்தேன். அதையும் எடுத்துட்டீங்களே."

காட்டிக் கொடுத்த குருவி

பழைய படங்களைப் போட்டுக் கேட்டேன். ஒரு மாதத்துக்கு முந்தைய படத்தில் ஒரே ஓர் இருமல். பிறகு மூன்று, நான்கு. கடைசிப் படத்தில் எண்ண முடியவில்லை. நாள் முழுக்க இருமல் மருந்து கொடுப்பவள், ஒரு முழம் தள்ளி நின்றவரைக் கவனிக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

மறுநாள் ஸ்கோப் இல்லாமல் போனேன். ஒன்றுமில்லை என்று மழுப்பியவரிடம் அந்தப் படங்களையே போட்டுக் காட்டி, சுகாதார நிலையத்துக்கு அழைத்துவந்தேன். சளிப் பரிசோதனையில் காசநோய் என்று வந்தது. ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும் என்றார் டாக்டர். மாத்திரைகளை என் கையிலிருந்து வாங்கும்போது காளியண்ணன் சொன்னார்: "எம் புள்ளைக்குத் தெரியக் கூடாதுன்னு இருந்தேனுங்க அம்மிணி. இந்தக் குருவி காட்டிக் குடுத்துருச்சுங்களே."

இரண்டு நிமிடம்

மாத்திரைகள் முடிந்த வாரம், அதே மேடு, அதே பனி. மின்சிட்டு ஜோடியாக வந்தது, ஆண் சிவப்பு, பெண் மஞ்சள். காளியண்ணன் பக்கத்திலேயே நின்று போன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நிமிடப் படத்தில் காற்று இலைகளை அசைக்கும் சத்தமும், ஒரு தடவை அவர் நிதானமாக மூச்சுவிடுவதும் மட்டும் இருந்தன. எதையும் வெட்டாமல் திருப்பூருக்கு அனுப்பினேன். சாயங்காலம் ஷிப்ட் முடிந்து மல்லிகா பதில் போட்டாள்: "அக்கா, இன்னைக்குத்தானுங்க குருவி கண்ணுக்குத் தெரிஞ்சுது. என்ன செகப்பு."

ஆகவே, ஸ்கோப்போடு அல்லாடும் சகாக்களே, படத்தை எப்படி வேண்டுமானாலும் வெட்டுங்கள், சத்தத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.