எண்பது கிலோ குறைத்த கார்

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குப் போகிற சாலையில் நமக்கு முன்னால் எப்போதும் ஒரு சுண்ணாம்புக்கல் லாரி போய்க்கொண்டிருக்கும். அதை முந்தலாம் என்று வலது பக்கம் எட்டிப் பார்த்தால் எதிரே சிமெண்ட் லாரி வரும். அது போனதும் மறுபடி எட்டிப் பார்த்தால் அதன் பின்னால் வந்த சிமெண்ட் லாரி தெரியும். இந்தச் சாலையில் தினமும் வேலைக்குப் போய்வரத்தான் நான் டர்போ என்ஜின் வைத்த ஒரு சிவப்புக் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்டு நொடியில் தொடும் என்றார் விற்றவர். அரியலூர் சாலையில் நூறைத் தொடுவது பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு சிமெண்ட் ஆலையின் பரிசோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. நாள் முழுக்கத் தூளை எடைபோட்டு, மில்லிகிராம் கணக்கில் குறித்துவைப்பேன். அந்தப் புத்தி காரிலும் போய் ஒட்டிக்கொண்டது. காரின் சக்தியைக் கூட்ட நிறைய செலவாகும், எடையைக் குறைத்தால் அதே பலன் இலவசம் என்று வீடியோ போடுகிறவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். இலவசம் என்ற சொல்லுக்கு நம் ஊரில் யார்தான் மயங்காமல் இருந்தார்கள்?

முதலில் ஸ்டெப்னியை இறக்கினேன். கூடவே ஜாக்கி, ஸ்பானர், எச்சரிக்கை முக்கோணப் பலகை. அவற்றுக்குப் பதிலாகப் பஞ்சர் ஒட்டும் களிம்பு டப்பா ஒன்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை துறையூர் சாலையில் இருக்கிற எங்கள் மெக்கானிக்கிடம் போய்ப் பின்சீட்டைக் கழற்றச் சொன்னேன்.

"ஏன் சார், எலி கடிச்சிருச்சா?" என்றார்.

"இல்ல. வெயிட்டைக் குறைக்கணும்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் தொண்ணூற்று நான்கு கிலோ. மரியாதை தெரிந்த மனிதர். சீட்டைக் கழற்றிப் பட்டறைச் சுவரோரம் சாய்த்துவைத்தார். பின்சீட்டு பெல்ட்டுகள், தரை விரிப்பு, பின்கதவு அட்டைகள், ஸ்பீக்கர் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. விரிப்புக்குக் கீழே, சத்தம் கேட்காமல் இருக்கத் தாரில் செய்த தகடுகளைக் கம்பெனிக்காரன் ஒட்டியிருந்தான். அவற்றை உளியால் சுரண்டி எடுக்க எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. பதிவுப் புத்தகத்தில் ஐந்து பேர் போகலாம் என்று இருந்த கார், பார்க்க இரண்டு பேர் உட்காரும் தகரப் பெட்டியாக மாறியது.

என் மனைவி உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணமாகி மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது என்பதால் அவள் அதுவரை பேசாமல் இருந்தாள். ஏ.சி.யைக் கழற்றினால் இன்னும் பதினைந்து கிலோ குறையும் என்று நான் காபி குடிக்கும்போது சொன்னதும்தான் வாயைத் திறந்தாள்.

"ஏசியக் கழட்டுனீங்கன்னா நானும் கழண்டுக்குவேன். ரெண்டுத்தையும் சேத்தா நல்ல வெயிட்டு குறையும்."

ஏ.சி. தப்பித்தது. ஆனால் விரிப்பும் தார்த் தகடும் இல்லாத காரில் அது குளிரூட்டியது என்று சொன்னால் பொய். என்ஜின் சூடு காலடியில் ஏறி வந்தது. டயர் தெறிக்கிற பொடிக்கற்கள், காய்ந்த சட்டியில் கடுகு வெடிப்பதுபோல் அடியில் படபடத்தன. போதாக்குறைக்கு, வளைவில் நன்றாகப் பிடிக்கும் என்று விறைப்பான ஸ்பிரிங் வேறு மாட்டியிருந்தேன். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் நான் வேகமாகத் திரும்பவேண்டிய வளைவு எது என்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

பலனை அளக்க வேண்டாமா? வேலைக்குப் போகிற வழியில் இருந்த லாரி எடை மேடைக்குத்தான் போனேன். கழற்றுவதற்கு முன்னால் ஒருமுறை, எல்லாம் முடிந்தபிறகு ஒருமுறை. முப்பது டன் கல்லை ஏற்றிக்கொண்டு நின்ற லாரிகளுக்கு நடுவில் என் கார் ஏறி நின்றபோது, ஓட்டுநர்கள் கீழே இறங்கி வந்து பார்த்தார்கள். சன்னலுக்குள் உட்கார்ந்திருந்த அம்மாள் கம்ப்யூட்டரைத் தட்டியபடியே கேட்டார்:

"சரக்கு என்னாங்க?"

"சரக்கு ஒண்ணும் இல்லம்மா. வண்டியத்தான் எடை போடணும்."

"விக்கப் போறீங்களா? காயலாங்கடைக்கா?"

இல்லை என்று விளக்கினேன். அந்த மேடை இருபது இருபது கிலோவாகத்தான் கணக்குக் காட்டும், அதற்குக் கீழே அதற்குக் கண் தெரியாது என்றார். முதல் தடவை ஆயிரத்து நூறு காட்டியது, இரண்டாம் தடவை ஆயிரத்து இருபது. எண்பது கிலோ! அச்சிட்டுக் கொடுத்த சீட்டில் சரக்கு என்ற இடத்தில் 'காலி' என்று போட்டிருந்தார். அந்தச் சீட்டை நான் பத்திரமாக வைத்துக்கொண்டேன். பட்டம் வாங்கிய அன்றுகூட இவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

இந்தப் பெருமை ஒரு மாதம் நீடித்தது. அப்போதுதான் என் மாமனாருக்கு வலது கண்ணில் புரை முற்றிவிட்டது என்றும், திருச்சியில் அறுவைக்கு நாள் குறித்தாகிவிட்டது என்றும் மனைவி சொன்னாள்.

மாமனார் உடையார்பாளையத்துக்காரர். முந்திரிக் காடும் கொஞ்சம் நிலமும் உண்டு. என்னை நல்ல பொறுப்பான பையன் என்று நம்பிப் பெண்ணைக் கொடுத்தவர். முந்தின நாள் மாலை பஸ்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். இரண்டு கண்ணிலும் புரை. வலதில் ஒன்றுமே தெரியாது, இடதில் புகை மூட்டம். கார் நிற்பதுகூட அதன் சிவப்பு நிறத்தால்தான் அவருக்குத் தெரிந்தது.

காரில் இரண்டே இருக்கை. ஒன்றில் நான், ஒன்றில் அவர். பெற்ற மகள் எங்கே உட்காருவது? காலையில் அவள் அப்பாவிடம் சாதாரணமாகச் சொன்னாள்:

"நீங்க ரெண்டு பேரும் கார்ல போங்கப்பா. நான் ஸ்கூல்ல லீவு லெட்டர் குடுத்துட்டு நேரா பஸ்ல வந்துடறேன்."

வாசலில் என்னிடம் மட்டும் தாழ்ந்த குரலில், "உங்க மானத்தக் காப்பாத்துறதா நெனச்சுக்காதீங்க. ஆபரேசனுக்கு முன்னாடி அப்பாவுக்கு பிபி ஏறக்கூடாது, அவ்வளவுதான்" என்றாள். லீவு கடிதத்தை அவள் முந்தின நாளே கொடுத்துவிட்டது எனக்குத் தெரியும்.

போகும்போது மாமனார் முன்சீட்டுக் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வந்தார். "ஜன்னல் எதும் தொறந்திருக்கா மாப்ள? ரொம்ப எரச்சலா இருக்கே" என்று சமயபுரம் வருவதற்குள் இரண்டுமுறை கேட்டார். "ஹைவேன்னா அப்படித்தாங்க மாமா" என்றேன். மனைவி எங்களுக்கு முன்னாலேயே போய் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. கண்ணில் வெள்ளைப் பஞ்சு வைத்து, மேலே பிளாஸ்டிக் மூடி ஒட்டி, மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். நர்ஸ் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "குனியக்கூடாது, தும்மக்கூடாது, அதிரக்கூடாது. வண்டிய மெதுவா ஓட்டுங்க. நாளைக்குக் காலைல நீங்களே பிரிச்சுட்டு மருந்து விடுங்க."

அதிரக்கூடாது. மாட்டு வண்டிச் சக்கரத்தில் உட்கார்ந்து வந்தாலும் இதைவிட அதிராது என்று அந்த நர்ஸிடம் நான் எப்படிச் சொல்வேன்?

திருச்சியைத் தாண்டியதும் மணிக்கு முப்பது கிலோமீட்டரில் ஓரமாக உருட்டினேன். அப்படியும் சாலையில் ஒவ்வொரு ஒட்டுக்கும் காரின் பின்பக்கம் ஒரு துள்ளுத் துள்ளியது. மாமனார் இரண்டு கையாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். எங்களைப் பால் வண்டி முந்தியது. டிராக்டர் ஒன்று முந்தியது. சிறுகனூர் பக்கம் ஒரு பெரம்பலூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே முந்தியது. அதன் சன்னலோரத்தில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எட்டு நொடியில் நூறைத் தொடும் காருக்குள் நான் சுருங்கிப்போய் உட்கார்ந்திருந்தேன். வேடிக்கை போய், உண்மையிலேயே பயமாக இருந்தது. அவருடைய கண்ணுக்கு ஏதாவது ஆனால் அதற்கு நான் மட்டும்தான் காரணம்.

பாடாலூர் வந்ததும் மாமனார் சொன்னார்: "மாப்ள, வண்டிய நிறுத்துங்க. சொம இல்லாத வண்டி தூக்கித்தான் போடும். பின்னாடி கொஞ்சம் பாரம் ஏத்துனா அடங்கிரும். இங்க ரோட்டோரம் வெங்காயம் விப்பாங்களே, பாருங்க."

செட்டிகுளத்துச் சின்ன வெங்காயம் மூட்டை மூட்டையாகப் புளியமரத்தடியில் அடுக்கியிருந்தது. மூன்று மூட்டை சொன்னார், ஒவ்வொன்றும் ஐம்பது கிலோ. மூட்டையைத் தூக்கி வந்தவர் பின்கதவைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு, "எடம் தாராளமா இருக்குங்க. வெங்காய யாவாரத்துக்குன்னே செஞ்ச வண்டியா?" என்றார். நான் பல்லைக் காட்டினேன்.

கார் அடங்கியது. பின்பக்கம் தாழ்ந்து உட்கார்ந்து, நல்ல பிள்ளையாகத் தார்ச்சாலையில் வழுக்கிக்கொண்டு போனது. அடியில் கல் தெறிக்கிற சத்தம்கூட மூட்டைகளுக்குள் அமுங்கிவிட்டது. நான் மூன்று மாதம் கழற்றியும் சுரண்டியும் சாதித்ததற்கு நேர் எதிராக அவர் ஐந்து நிமிடத்தில் செய்துவிட்டு, அடுத்த ஐந்தாவது நிமிடம் தூங்கிவிட்டார். வீட்டு வாசலில்தான் எழுப்பினேன்.

மறுநாள் காலையில் மனைவி கட்டைப் பிரித்து மருந்து விட்டாள். மாமனார் கொஞ்ச நேரம் சிமிட்டினார். சுவர்க் காலண்டரில் தேதியைப் படித்தார். மகளின் முகத்தைப் பார்த்து, "எளச்சுட்டியே" என்றார். ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். காரைச் சுற்றி வந்தார். மூட்டைகளை இறக்கியிருந்தேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"மாப்ள! இங்க வாங்க. உள்ள சீட்டக் காணும், தரையில விரிப்பக் காணும், கதவுல அட்டையக்கூட உரிச்சுட்டுப் போயிருக்கானுவ. களவு போயிருச்சா?"

ஒரு கணம்தான். அந்த ஒரு கணத்தில் நான் சொன்னேன்: "ஆமாங்க மாமா."

"ராத்திரி வாசல்ல நின்ன வண்டியிலயா? இத சும்மா வுடக்கூடாது. டவுன் ஸ்டேசன்ல ஏட்டு ஒருத்தரு நம்ம ஊருக்காரருதான். சட்டையப் போட்டுக்கிட்டு வரேன், வாங்க, எழுதிக் குடுத்துட்டு வந்துருவோம்."

சொன்னபடி உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். என் காரின் பின்சீட்டை நானே திருடிவிட்டதாக ஏட்டய்யாவிடம் எப்படி ஒப்புக்கொள்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, மனைவி காபியோடு வெளியே வந்தாள்.

"ஸ்டேசனுக்கெல்லாம் போவேணாம்பா. திருடுனவரும் நேத்து உங்கள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனவரும் ஒரே ஆளுதான்."

மாமனார் என்னைப் பார்த்தார். புதுக் கண், நன்றாகவே தெரிந்திருக்கும். நான் எல்லாவற்றையும் சொன்னேன். எடை, வேகம், வீடியோ, உளி, எடை மேடை. ஒரு பரீட்சையில் விடை சொல்வதுபோல் கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"மொத்தம் எவ்ளோ கொறஞ்சுது?"

"எண்பது கிலோ மாமா."

"எண்பது கிலோன்னா ஒரு மூட்டை முந்திரிக்கொட்டை." கொஞ்சம் யோசித்தார். "ஒரு மூட்டைய எறக்குறதுக்கா மாப்ள மூணு மாசம்? நம்ம காட்டுல ரெண்டு பேரு அரை நிமிசத்துல எறக்கிருவாங்களே?"

சொல்லிவிட்டு அவரே சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "அப்பா, அதிரக்கூடாதுன்னு சொன்னாங்கல்ல!" என்று மனைவி கத்தினாள். அவர் கண்ணாடிக்கு மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டு அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கடைசியில் திட்டு வாங்கியது நான்தான்.

அன்று மத்தியானமே பட்டறைக்குப் போனேன். என் பின்சீட்டைப் புளியமர நிழலில் போட்டு, மேலே ஒரு துண்டு விரித்து, வருகிறவர்கள் உட்காரும் சோபாவாக ஆக்கியிருந்தார் மெக்கானிக். மூன்று லாரி ஓட்டுநர்கள் அதில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை எழுப்பி, சீட்டைத் தூக்கி மாட்டினோம். "கடைக்கு லட்சணமா இருந்துச்சு சார்" என்று அவருக்கு வருத்தம். தார்த் தகடுகளைத் திரும்ப ஒட்ட வழியில்லை. பழைய ஸ்பிரிங்கை மாட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாக உடையார்பாளையம் போனோம். மாமனார் பின்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு, ஜெயங்கொண்டம் சாலையில் தெரிந்த பெயர்ப்பலகைகளை எல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் இறங்கியதும் அண்டை வீட்டுக்காரர் வந்து சிவப்புக் காரைத் தடவிப் பார்த்து, "வண்டி நல்லாப் பறக்குமோ?" என்று கேட்டார்.

"அதெல்லாம் இல்ல. எங்க மாப்ள ஓட்டுனா தூக்கந்தான் வரும். அவ்ளோ நெதானம்" என்றார் மாமனார் பெருமையாக.

நான் தலையாட்டினேன். மனைவி அதற்குள் வெங்காயப் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.