முகூர்த்தப் புடவையில் பற்றவைத்த பாய்லர்

மூன்று அங்குல விட்டம், ஆறரை அங்குல நீளம். என் மேசைமேல் இருக்கும் செப்பு பாய்லரின் அளவு இது. அதன் முதுகில் மூன்று திருகுகள் உண்டு. ஒன்று தண்ணீர் ஊற்ற, ஒன்று நீராவி வெளியேற, மூன்றாவது அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்துகொள்ளும் வால்வு. அதன் அடியில் தீ எரிந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் யாராவது அதைத் துடைத்துவிட்டுப் போனால், நான் எழுந்து போய் மூன்று திருகையும் தொட்டுப் பார்க்கிறேன்.

"வெடிக்காது. வந்து சாப்பிடுங்க," என்பாள் மனைவி.

அறுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு சொசைட்டியில் எனக்கு வேலை. நெசவாளர்கள் கொண்டுவரும் புடவைகளில் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று பூதக்கண்ணாடி வைத்து எண்ணுவேன். ஜரிகை சுத்தமா என்று பார்ப்பேன். கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணும் புத்தி அந்த வேலையால் வந்ததா, அந்தப் புத்தியால்தான் வேலை கிடைத்ததா என்று இன்றுவரை தெரியவில்லை.

மனைவிக்குப் பிறந்த ஊர் ஓரிக்கை. மாமனாருக்கு அங்கே நாலு ஏக்கர் நிலம், ஒரு மோட்டார் கிணறு, ஒரே மகன். அந்த மகன், என் மச்சான், சென்னைத் துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்கும் ஒரு பட்டறையில் வேலை பழக இடம் வாங்கியிருந்தான். தை முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். மாமனார் விடவில்லை.

"பாலாத்துல தண்ணியையே காணோம். இவனுக்குக் கப்பல் கேக்குது," என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார்.

மச்சான் தினமும் கேட்டான். அவர் தினமும் மறுத்தார். கடைசியில் ஒரு நாள், நாங்கள் ஓரிக்கை போயிருந்தபோது, கிணற்றடியில் நின்று அவர் ஒரு வழி சொன்னார்.

"நீயே ஒரு கப்பல் செய்டா. பொம்மையா இருந்தாலும் சரி. நெருப்புப் போட்டா அது பாட்டுக்கு ஓடணும். இந்தத் தொட்டியில மூணு சுத்து வரட்டும், நீ போ. வரலைன்னா ஏரைப் பிடி."

"மூணு சுத்துதானே?"

"மூணு. மாப்ள எண்ணட்டும். அவரு அரையை ஒண்ணுன்னு சொல்ற ஆளு இல்ல."

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. மச்சானுக்கு நன்றாகத்தான் வந்தது.

மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றில் படம் இருந்தது. படித்துச் சொல்வது நான், தட்டுவதும் ராவுவதும் அவன். கல்யாண முருங்கை மரத்தைக் குடைந்து இரண்டரை அடி நீளத்துக்குப் படகு செய்தான். உடைந்த வெந்நீர் பாய்லர் ஒன்றின் நடுக்குழாயை அறுத்து எங்கள் பாய்லருக்கு உடம்பாக வைத்துக்கொண்டோம். இரண்டு பக்கத்து மூடிகளும் ஓட்டைத் தவலை ஒன்றின் அடிப்பாகத்திலிருந்து வந்தன. செம்பைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இளகிவிடும். மரக்கட்டையில் வைத்துத் தட்டத் தட்ட விளிம்பு மடியும். தட்டினால் மறுபடியும் விறைக்கும். ஒரு மூடிக்கு ஐந்து முறை காய்ச்ச வேண்டியிருந்தது.

எஞ்சினை மோட்டார் ரிப்பேர் செய்யும் லேத் பட்டறையில் கடைந்து வாங்கினோம். என் கட்டைவிரல் அளவு பித்தளைச் சிலிண்டர். அது தொட்டில் மாதிரி இப்படியும் அப்படியும் ஆடும். ஒரு பக்கம் ஆடும்போது அதன் துளை நீராவி வரும் துளையோடு சேரும். மறுபக்கம் ஆடும்போது வெளியேறும் துளையோடு சேரும். வேறு வால்வு எதுவும் இல்லை. மச்சான் குழாயை வாயில் வைத்து ஊதினான். எஞ்சினின் சக்கரம் ஆறு சுற்றுச் சுற்றி நின்றது. அவன் கன்னம் உப்பியிருந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

படகைத் தள்ளும் விசிறியின் தண்டு பின்னால் வெளியே போகும் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே வரக்கூடாது. தறியடியில் விழும் கழிவுப் பட்டு நூலை விளக்கெண்ணெயில் ஊறவைத்து அங்கே திணித்தோம். அந்த ஊரில் அது மட்டும் தேடாமலே கிடைத்தது. தீக்கு ஸ்பிரிட் வேண்டும். மதுவிலக்குக் காலம். மரச்சாமானுக்குப் பாலிஷ் விற்கும் கடைக்காரர் புட்டியைக் கொடுக்குமுன் என் முகத்தையே பார்த்தார்.

"கப்பலுக்கு," என்றேன்.

"கப்பல்ல போறாப்பல இருக்கும் சார், குடிக்காதீங்க," என்றார்.

மூடிகளை ஈயம் வைத்துப் பற்றவைத்தோம். பாத்திரத்துக்கெல்லாம் ஈயம் பூசுகிற ஊர். வேறு எதுவும் எங்களுக்குத் தோன்றவில்லை. முதலில் தண்ணீரை நிரப்பி, சைக்கிள் பம்பால் அழுத்தி, லாரி டயர் கடையில் இரவல் வாங்கிய மீட்டரில் அறுபது பவுண்டு வரை பார்த்தேன். ஓடும்போது முப்பதுக்கு மேல் போகாது. ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. அடுத்து எங்கள் வீட்டுக் கொல்லையில் விளக்கை ஏற்றினோம். எஞ்சின் அருமையாக ஓடியது. ஓடிக்கொண்டே இருந்ததில் தண்ணீர் குறைந்ததை இருவரும் கவனிக்கவில்லை. தண்ணீர் இல்லாத இடத்தைச் சுடர் நக்கியதும் ஈயம் உருகி, ஒரு மூடி கழன்று, துணி துவைக்கும் கல்லில் மோதி விழுந்தது. ஆளுக்கு அடி இல்லை.

வெள்ளி கலந்து பற்றவைக்க வேண்டும் என்று பத்திரிகையில் போட்டிருந்தது. ஈயத்தைப்போல அது சட்டென்று உருகாது. வெள்ளிக்கு எங்கே போவது என்று நான் கேட்டபோது, மனைவி உள்ளே போய்த் தன் முகூர்த்தப் புடவையை எடுத்து வந்தாள். முந்தானையை எலி கடித்திருந்தது. பழைய பட்டை எரித்து ஜரிகையிலிருந்து வெள்ளி எடுப்பது எங்கள் ஊரில் எல்லோரும் அறிந்த விஷயம்தான். ஆனாலும் எனக்கு மனம் வரவில்லை.

"மங்கலப் பொருள். தீயில போடலாமா?"

"பொட்டியில வச்சு எலிக்குப் போட்டா மங்கலமா? என் தம்பி போகணும். எரிங்க."

இரும்புச் சட்டியில் எரித்தோம். பட்டு எரிந்தால் தலைமுடி கருகும் நாற்றம் வரும். சாம்பலை அலசியதும் அடியில் உலோகம் தங்கியது. அதை வெளிச்சத்தில் தூக்கி நிறம் பார்த்தேன். வெள்ளி இப்படிச் சிவக்காது. என் வீட்டார் எடுத்துக் கொடுத்த புடவை அது. நான் அவசரமாகப் பொட்டலம் கட்டினேன்.

நகை செய்யும் பத்தரிடம் போனோம். அவர் அதைக் குகை என்கிற மண் கிண்ணத்தில் உருக்கி, உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பத்தவைக்கிறதுக்குன்னா வெள்ளியில செம்பு கலக்கணும் சார். எவ்ளோ கலக்கலாம்னு யோசிச்சுக்கினு இருந்தேன். கடைக்காரன் நமக்கு முன்னாடியே கலந்து வச்சிக்கிறான்!"

மச்சான் சிரித்த சிரிப்பில் பத்தரின் தராசு ஆடியது. கொஞ்சம் பித்தளை மட்டும் சேர்த்து அவர் தகடாக அடித்துக் கொடுத்தார். லேத் பட்டறையில் ப்ளோ லாம்ப் தீயைக் காட்டி, பற்றுப் பிடிக்க வெங்காரம் தூவி, பாய்லர் செக்கச் சிவந்ததும் தகட்டைத் தொட்டான் மச்சான். அது தண்ணீர் போல இடுக்கெல்லாம் ஓடியது. சரியான பற்று. சுத்த ஜரிகையாக இருந்திருந்தால் செம்பைத் தேடிப் போயிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அவன் அக்காவிடம் சொல்லிவிட்டான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எனக்குத் தெரியாதா?" என்றாள் அவள். "கட்டின வருசமே கறுத்துப்போச்சு. கண்ணாடி வச்சிக்கினு ஊரான் ஜரிகையைப் பாக்கறவரு, பக்கத்துல நின்ன பொண்டாட்டி புடவையைப் பாக்கல."

"அன்னிக்கு உன் முகத்தைப் பாத்துக்கினு இருந்தேன்."

"ஆமா. அதையாவது எண்ணாம பாத்தீங்களே."

காணும் பொங்கல் அன்று ஓரிக்கைத் தொட்டியில் படகை விட்டோம். பதினாலு அடிக்குப் பத்தடித் தொட்டி. சுக்கானை இடப்பக்கம் வளைத்து வைத்திருந்தோம். பாய்லர் வறண்டுபோகக் கூடாது என்று, தண்ணீர் தீருவதற்குள் தீ அணைந்துவிடும்படி ஸ்பிரிட்டை இங்க் ஃபில்லரால் அளந்து ஊற்றினேன். நாலு சுற்றுக்குக் காணும் என்பது என் கணக்கு. புறப்படும் இடத்தில் மச்சான் ஒரு செங்கல்லை வைத்தான்.

டிக் டிக் டிக் என்று படகு போயிற்று. மாமனார் இடுப்பில் கை வைத்து நின்றார். ஒன்று. நடுவில் வால்வு திறந்து உஸ்ஸென்று சீறியபோது அவர் ஓரடி பின்வாங்கியதை நான் பார்த்தேன். பற்று அசையவில்லை. இரண்டு. அப்போது பாலாற்றுப் பக்கமிருந்து காற்று வீசியது. சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஸ்பிரிட்டைக் குடித்தது. என் கணக்கில் காற்று இல்லை. மூன்றாவது சுற்றில் முக்கால் போனதும் தீ அணைந்தது. சக்கரம் தயங்கித் தயங்கி நின்றது. செங்கல்லுக்கு இன்னும் ஏழு அடி.

மச்சான் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மாமனார் மோட்டார் கொட்டகைக்குள் போனார். "கழனிக்குத் தண்ணி விடணும்," என்றார், யாரிடம் என்றில்லாமல். சுவிட்சு விழுந்த சத்தம் கேட்டது. குழாயிலிருந்து தண்ணீர் குதித்து விழுந்து, சுவரோரமாகச் சுழித்து, படகைத் தள்ளிக்கொண்டு வந்து செங்கல்லருகே சேர்த்தது.

அவர் துண்டில் கையைத் துடைத்தபடி வெளியே வந்தார்.

"மூணு ஆச்சா, மாப்ள?"

இரண்டே முக்கால் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மனைவி என்னைப் பார்த்தாள். மாமனாரும் பார்த்தார். அவருக்கும் எண்ணத் தெரியும்.

"ஆச்சு மாமா," என்றேன்.

"அப்ப துணிமணியை எடுத்து வைக்கச் சொல்லுங்க," என்று மடையைத் திருப்பப் போய்விட்டார்.

மச்சான் போனான், கப்பல்களோடு நாற்பது வருடம் கழித்தான். எல்லாப் பொங்கலுக்கும் அவனால் வர முடிந்ததில்லை. அவன் வராத பொங்கலிலும் மாமனார், தாம் இருந்தவரை, படகை எடுத்துத் துடைத்து, பாய்லரில் தண்ணீர் ஊற்றித் தயாராக வைத்திருப்பார். நான் ஸ்பிரிட்டைக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றுவேன். படகு கிளம்பியதும் அவர் தொட்டிச் சுவரில் உட்கார்ந்துகொள்வார்.

"எண்ணுங்க மாப்ள," என்பார்.