ஓடும்போதே நின்ற மோட்டார்

போன வாரம் எங்கள் வீட்டு மோட்டாரைப் பழுது பார்க்க வந்த எலக்ட்ரீசியன் தம்பி, டார்ச் லைட் மாதிரி ஒரு கருவியை எடுத்து, அதன் சுழல்கிற விசிறிக்கு நேரே நீட்டினான். சிவப்புப் புள்ளி விழுந்தது, நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று எண் வந்தது, கருவி பைக்குள் போய்விட்டது. என் மனைவி ஸ்டெல்லா எட்டிப் பார்த்துவிட்டு, "அவ்ளோதானா?" என்றாள். அவள் குரலில் இருந்த ஏமாற்றம் அவனுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

அவன் பையிலிருந்து அடித்த கிரீஸ் வாசனையே போதும், நான் மரக்காணத்துக்குப் போய்விட. கல்யாணமான புதிதில் அங்கே ரோட்டோரம் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். மல்லிகைப்பூ மணக்க வேண்டிய வீட்டில் கிரீஸ் மணக்கிறது என்று என் மச்சினிச்சி கேலி செய்வாள். எல்லாம் முன்னறையில் நாங்கள் தொடங்கவிருந்த மாவு மில்லால் வந்தது. நான் ஹார்டுவேர் கடையில் வேலை பார்த்தேன். சொந்தத் தொழில் என்பது ஸ்டெல்லாவின் ஆசை. மெஷின் வந்து இறங்கியாயிற்று. போர்டு எழுதியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வந்து மந்திரித்துத் தருவதாக ஃபாதரும் சொல்லிவிட்டார்.

மோட்டார் மட்டும் பழசு. புதுச்சேரிப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் பிடித்தது. அதன் மேலிருந்த தகட்டில் உப்புக்காற்று ஓர் எழுத்தைக்கூட மிச்சம் வைக்கவில்லை. நிமிஷத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் சுற்று என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். மெஷின் பொருத்த வந்த மெக்கானிக் நம்பவில்லை. "மூவாயிரம் சுத்துறதா இருந்தா கல்லு சிதறிடும் சார். தெரியாம பெல்ட்டு மாட்ட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். கல்லுக்குப் பக்கத்தில் நிற்கப் போவது ஸ்டெல்லா. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவளுக்கு நன்றாகவே இறங்கியது. நாமே அளந்துவிடலாம் என்றாள். மோட்டார் தண்டில் நூலை ஒட்டி, கொஞ்ச நேரம் சுற்றவிட்டு, எவ்வளவு நூல் போயிற்று என்று பார்த்தால் கணக்கு வந்துவிடாதா? பிரமாதமான யோசனை. ஸ்விட்சைப் போட்டேன். நூல்கண்டு அவள் கையை விட்டுக் குதித்து, அறை முழுக்க ஓடி, என் லுங்கிக்குள் புகுந்து வெளியே வந்தது. மோட்டாரை நிறுத்திவிட்டு இருவரும் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அடுத்து, சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கிறேன் என்று கோயில் பாடகர் குழுவில் பாடுகிற அவள் மோட்டாரோடு சேர்ந்து "ம்ம்ம்" என்று இழுத்தாள். சுருதி சேர்ந்தது. சுற்று எத்தனை என்றுதான் தெரியவில்லை.

அதற்குள் பொழுது சாய, டியூப் லைட்டைப் போட்டோம். மோட்டாரில் பெல்ட் மாட்டுகிற சக்கரமான கறுப்புப் புல்லியில், நடுவிலிருந்து ஓரம் வரை, எதற்கோ நான் ஒரு சாக்பீஸ் கோடு இழுத்து வைத்திருந்தேன். சாயங்கால வெளிச்சத்தில் கலங்கலாக இருந்த அந்தக் கோடு இப்போது பளிச்சென்று தெரிந்தது. மோட்டார் அலறிக்கொண்டிருக்கிறது, கோடு நிற்கிறது. அதுவும் ஒன்றல்ல, எதிரும் புதிருமாக இரண்டு. ஆமைபோலப் பின்னோக்கி வேறு நகர்ந்தன.

பள்ளிக்கூடத்தில் தூங்காமல் கேட்ட ஒரே பாடம் அப்போது கைகொடுத்தது. டியூப் லைட் நொடிக்கு நூறு முறை அணைந்து எரிகிறது. ஒரு சுற்றுக்குள் வெளிச்சம் இரண்டு முறை வந்தால் கோடு இரண்டாகத் தெரியும். நான்கு முறை வந்தால் நான்காக. நொடிக்கு நூறில் பாதி ஐம்பது சுற்று, நிமிஷத்துக்கு மூவாயிரம். பேப்பரில் போட்டுப் பார்த்துவிட்டுக் கத்தினேன். பதில் மோசமானது என்பதே சற்றுக் கழித்துத்தான் உறைத்தது.

கத்தல் கேட்டுத் தெருவே ஜன்னலுக்கு வந்துவிட்டது. உப்பளத்தில் பம்ப் செட் பார்க்கும் பக்கத்து வீட்டு சேகர் அண்ணன் உள்ளேயே வந்து, "நின்னுதானேப்பா இருக்குது" என்று புல்லியைத் தொட விரலை நீட்டினார். ஸ்டெல்லா அவர் கையில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். நான் ஸ்விட்சை அணைத்தேன். கோடுகள் கலைந்து, ஒன்றாகி, புல்லி மெதுவாகச் சுற்றி நிற்பதைப் பார்த்தபோது அவர் முகம் வெளுத்துவிட்டது. தன் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அப்புறம் கையைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "எங்க பம்ப்புக்கு இந்த ஸ்பீடுதாம்மா வேணும். மெதுவா ஓடுற மோட்டார் ஒண்ணு ஷெட்டுல சும்மா கெடக்குது. ஓனர்கிட்ட கேக்கறேன், மாத்திக்கலாமா?"

மறுநாளே வேறு மோட்டார் வந்தது. பொழுது சாய்வதற்குள் தெரு ஜனம் இடம் பிடித்துவிட்டது. ஸ்விட்சைப் போட்டதும் எல்லோரும் சேர்ந்து எண்ணினார்கள். நாலு. நிமிஷத்துக்கு ஆயிரத்தைந்நூறு, கல் தாங்கும். மெக்கானிக் வந்து எட்டிப் பார்த்து, தலையைச் சொறிந்து, பெல்ட்டை மாட்டினார். ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் தீர்த்தம் தெளித்தார். முதல் கோதுமை மாவு சேகர் அண்ணன் வீட்டுக்குப் போனது. அடித்த கைதான் அளந்து கொடுத்தது.

இப்போது அந்த வீடு இல்லை. ரோட்டை அகலப்படுத்தியபோது இடித்துவிட்டார்கள். முன்னறையின் மேல் புதுச்சேரி பஸ் ஓடுகிறது. எப்போதாவது அந்த வழியாகப் போனால், இடம் வருவதற்குள் ஸ்டெல்லா என் தொடையைத் தட்டுவாள்.

"காலைத் தூக்குங்க. நம்ம வீட்டுக்குள்ள செருப்போட போறோம்."

இருவரும் காலைத் தூக்கிக்கொள்வோம். கண்டக்டர் எங்களை ஒரு மாதிரி பார்ப்பார்.